ம்ஹும்

ராஜினிக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் போதும், "ஏன் அப்படி?" என்று கேட்டுவிடுவாள். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, வங்கி என்று இடம் பொருள் பார்க்க மாட்டாள். இந்தப் பழக்கத்தால் முறுக்கிக்கொண்டு போன சொந்தக்காரர்கள் பலர். கிடைத்த நன்மை ஒன்றே ஒன்று, அவளுடைய வேலை. விமானத்தில் ஒரு கோளாறும் இல்லாதபோது, ஓட்டுகிற இரண்டு பேருக்கும் நல்ல புத்தி இருக்கும்போது, அது எப்படிப் போய் மண்ணில் முட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஊரிலுள்ள விமான நிறுவனங்களுக்கு அவள் இதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை வந்தது ஒரு சின்னச் சரக்கு விமானத்தின் கதை. ஆன்லைனில் ஜனங்கள் வாங்கித் தள்ளிய பார்சல்களை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போயிருக்கிறது. கொட்டும் மழையில் ஓடுபாதையின் நடுவில் போய் இறங்கி, மீதிப் பாதை போதாமல், வேலியைப் பிய்த்துக்கொண்டு சேற்றில் மூக்கைக் குத்தியது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேப்டன் ஜெயந்திரனுக்கு நெற்றியில் தையல். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி சஃப்வானுக்குத் தோள் எலும்பு உடைந்தது. யாரோ ஆசை ஆசையாக வாங்கிய ரைஸ் குக்கர் ஒன்று பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்ததாகக் கேள்வி.

விமானம் தரையிறங்க வரும்போது ஐந்நூறு அடி உயரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம், சரிவு, காற்று எல்லாம் அந்த இடத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கக் கூடாது. மூக்கை மேலே தூக்கி, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வர வேண்டும். அதற்கு "கோ அரவுண்ட்" என்று பெயர். இரண்டு விமானிகளில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் மறுபேச்சுப் பேசாமல் தூக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியே வைத்திருந்தார்கள். சொல்லலாம் என்று சுவர் சொல்கிறது, சரி. சொல்ல வாய் வர வேண்டுமே.

விமானி அறைப் பேச்சுப் பதிவை ராஜினி கேட்டாள். ஓட்டியது கேப்டன். கவனித்துச் சொல்ல வேண்டியவன் சஃப்வான். இருவரும் தமிழர்கள்; நம் ஊர்த் தமிழர்கள் பேசுகிற மாதிரியே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலந்து, வாலில் ஒரு "லா" ஒட்டி அடித்திருந்தார்கள். ஆயிரம் அடிக்கு மேலேயே சஃப்வான் ஆரம்பித்துவிட்டான்.

"மழை நல்லா பிடிக்குது லா, கேப்டன்."

"வைப்பர் போடு."

கொஞ்சம் கழித்து, "ஸ்பீட் கொஞ்சம் கூட போல, கேப்டன்."

"காத்து பின்னால தள்ளுது. சரியாயிடும் லா."

அப்புறம் ஒரு மௌனம். எஞ்சின் இரைச்சல், மழை. பிறகு கேப்டனின் குரல்: "ரன்வே தெரியுது. கன்டினியூ, ஓகே ஆ?"

அதற்கு சஃப்வானிடமிருந்து வந்தது வார்த்தை அல்ல, ஒரு சத்தம். மூடிய உதட்டுக்குள் இரண்டு பாதியாக ஒரு முனகல். அதன் வாலிலேயே, உயரம் சொல்லும் இயந்திரக் குரல் "ஃபைவ் ஹண்ட்ரட்" என்று குறுக்கே விழுந்தது. அதற்குப் பிறகு இருவரும் பேசவே இல்லை. அடுத்துக் கேட்டது சக்கரம் தரையில் அறைந்த சத்தம்தான்.

அந்த முனகலுக்கு எதிரே ராஜினி எழுதியிருந்தாள்: "ம்ஹ்ம், துணை விமானி ஆமோதித்தார்."

விசித்திரமான விஷயம் ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஆபத்து கூடக் கூட அந்தப் பையனின் பேச்சு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முதலில் ஒரு வாக்கியம், அப்புறம் பாதி வாக்கியம், கடைசியில் வாயே திறக்கவில்லை. உலகமெங்கும் இப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். மேலதிகாரி தவறாக ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் "தூக்குங்கள்" என்று சொல்வதில்லை, வானிலையைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் இவன் பயந்திருக்கிறான் என்றால், கடைசியில் ஏன் சரி என்று சொன்னான்? அது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளர் பழனியப்பனுக்கு அந்தக் கவலை இல்லை. போனில் கூப்பிட்டார்.

"மேடம், வெள்ளிக்கிழமை கமிட்டி. பையன் ஓகே சொன்னான்னு நீங்களே எழுதிட்டீங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு, முடிஞ்சது லா. கேப்டனுக்கு ரிட்டையர்மென்ட் பக்கத்துல வந்துருச்சு, மரியாதையா அனுப்பிடுவோம். பையன வேலைய விட்டு எடுத்துடுவோம்."

"அவனுக்கு வேற எங்கயாவது பறக்கக் கிடைக்குமா?"

"வேலைல கவனிக்காம தலையாட்டினவன யார் எடுப்பா? அது அப்படித்தான் மேடம்."

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

மத்தியானம் வழக்கமான வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தாள். பரிமாறுகிற பக்கிரிசாமி சோற்று வாளியோடு பறந்துகொண்டிருந்தார். எதிர் மேசையில் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒரு சீன இளைஞன் வாய் நிறையச் சோற்றோடு இருந்தான்.

"பாஸ், நாசி தம்பா?" என்று, இன்னும் சோறு வேண்டுமா என மலாயில் கேட்டார் பக்கிரிசாமி.

இளைஞன் மென்றுகொண்டே "ம்ஹ்ம்" என்றான். பக்கிரிசாமி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இளைஞன் காலி இலையைப் பார்த்தான், பக்கிரிசாமியின் முதுகைப் பார்த்தான், பிறகு பரிதாபமாகக் கூப்பிட்டான்.

"பாஸ், ஐ செட் யெஸ் வாட்."

"யெஸ்ஸா? வேணாம்னுல்ல சொன்னீங்க," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டார்.

ராஜினியின் கை ரசத்துக்குள் அப்படியே நின்றது. அட கடவுளே, என்று நினைத்தாள். ஆங்கிலத்தில் மூடிய வாய்க்குள் அந்தச் சத்தம் போட்டால் ஆமாம். தமிழில் அதே சத்தம், ம்ஹும், போட்டால் இல்லை. கைக்குழந்தைகூடச் சோறு வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்கிறது. ஒரே வித்தியாசம், ஆங்கிலத்தில் பின்பாதி மேலே ஏறும், தமிழில் கீழே இறங்கும். அவள் யாழ்ப்பாணத்து வம்சம், ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவள், வீட்டில் அம்மாவோடு தமிழ், அப்பாவோடு ஆங்கிலம். ஹெட்போனை மாட்டியதும் காது தானாக அலுவலகத்துக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் அந்தச் சத்தத்துக்கு ஆமாம் என்று அர்த்தம், எழுதிவிட்டாள். தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணே, இந்த ம்ஹும்ல வேணுமா வேணாமான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று பக்கிரிசாமியைக் கேட்டாள்.

"நான் எங்க கண்டுபிடிக்கிறேன், அக்கா. நூறு பேர் ஒரே நேரத்துல பேசுறான். பாதி நாளு தப்பாத்தான் போடுறேன்." அவர் வாளியை மறு கைக்கு மாற்றினார். "இலைமேல குறுக்க கைய வச்சா நிப்பேன். உங்களுக்கு அப்பளம்?"

அலுவலகத்துக்கு ஓடினாள். பதிவைச் சுத்தம் செய்து, இரைச்சலை உரித்து, திரும்பத் திரும்பக் கேட்டாள். முன்பாதி தெளிவாக இருந்தது. பின்பாதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிய வேண்டிய இடத்தில் அந்தப் பாழாய்ப்போன இயந்திரக் குரல் "ஃபைவ்" என்று உட்கார்ந்திருந்தது. இறங்குவது போல் இருந்தது. "போல்" என்பதை வைத்துக்கொண்டு கமிட்டியில் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் போட்டவன், மற்றவர் கேட்டவர்.

மறுநாள் கொமுட்டர் ரயில் பிடித்து கிள்ளானுக்குப் போனாள். சஃப்வானின் அப்பா தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே வீடு. இடது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு சஃப்வானே கதவைத் திறந்தான். முப்பது வயதுகூட இருக்காது. அவன் மனைவி சௌதா நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் சுவரோரம் நின்றாள்.

"நான் ஓகே சொன்னேன்னு ரிப்போர்ட்ல இருக்காம். பழனியப்பன் சார் சொன்னாரு," என்றான்.

"சொன்னீங்களா?"

"எழுதிருக்குல்ல. அப்ப சொல்லிருப்பேன் கா."

"நான் எழுதுனத விடுங்க. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

யோசித்தான். "வாய் காஞ்சு போச்சு. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. அதுதான் ஞாபகம் இருக்கு."

"மனசுல என்ன இருந்துச்சு?"

"மேல தூக்கணும்னு."

"அதச் சொன்னீங்களா?"

"மழை பெய்யுதுன்னு சொன்னேன்." அதைச் சொன்னபோது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டான். "அவர் கேப்டன் மட்டும் இல்ல கா. சின்னப் பிள்ளையில இருந்து தெரியும். ஆன்டிக்கு நம்ம கடையிலதான் சாரி எடுப்பாரு. நான் பைலட் ஆவணும்னு சொன்னப்ப வாப்பா வேணாம்னாரு. அங்கிள்தான் வந்து உக்காந்து பேசி ஒத்துக்க வச்சாரு. வாயில கேப்டன்னு வந்தாலும் மனசுல அங்கிள்தான். அங்கிளப் பாத்து, நீங்க ஓட்டுறது சரியில்ல, விடுங்கன்னு எப்படிக் கா சொல்றது? கோ அரவுண்ட் இங்கிலீஷ்தான். ஆனா அவர்கிட்ட சொல்லணும்னு நெனச்சா அது தமிழ்ல மரியாத இல்லாம கேக்குது."

ராஜினி பேனாவை மூடி வைத்துவிட்டாள். எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறாள், இதை எவரும் இப்படிச் சொன்னதில்லை.

சௌதா ஜாடியைக் கொண்டுவந்து சஃப்வானின் கோப்பை அருகே சாய்த்தாள். "இன்னும் கொஞ்சம்?"

"ம்ஹும்," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. சௌதா பாட்டுக்கு ஊற்றினாள்.

"அவர் வேணாம்னாரே," என்றாள் ராஜினி.

"தெரியும் கா. இவர் வேணாம்னு சொல்றதெல்லாம் இப்படித்தான். உள்ளுக்குள்ளயே சொல்லி உள்ளுக்குள்ளயே முழுங்கிக்குவாரு. நெசமா வேணாம்னா ரெண்டாவது தடவ சொல்லட்டும்னு நான் ஊத்திடுவேன்."

வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். சஃப்வான் நிமிர்ந்து ராஜினியைப் பார்த்தான். அவள் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. போனை எடுத்து, அந்தச் சில நொடிகளை மட்டும் ஓடவிட்டாள். கேப்டனின் கேள்வி, அந்த முனகல், இயந்திரக் குரல்.

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "இப்ப சௌதாகிட்ட சொன்னேனே. அதே தான் கா இது." போனைக் கையில் வாங்கிக்கொண்டான். "அப்ப நான் சொல்லிருக்கேன். வேணாம்னு சொல்லிருக்கேன். ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருந்தேன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சௌதா முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். அவனோ உடனே தலையை ஆட்டினான்.

"ஆனா இத எழுதாதீங்க. வேல போகப் போகுதுன்னதும் மாத்திப் பேசுறான்னுதான் சொல்வாங்க. அங்கிளும் நான் சரின்னு சொன்னேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. அவரப் பொய்யர் ஆக்கி எனக்கு வேல வேணாம்."

"அவருக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு அவர்கிட்டதான கேக்கணும்," என்றாள் ராஜினி.

ரயிலில் திரும்பும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தாள். ஜெயந்திரனும் அவளைப் போல ஒருவர். ஆங்கிலப் பள்ளிக்கூடம், ஆங்கில வேலை, வாழ்நாளில் பாதி ஹெட்போனுக்குள். அவருக்கும் அது ஆமாம் என்றே கேட்டிருக்கலாம். அப்படியானால் இரண்டு தமிழர்கள், ஒரே அறையில், ஒரே சத்தத்தை ஆளுக்கொரு பாஷையில் பேசியிருக்கிறார்கள். வேறு எந்த நாட்டு விமானத்திலும் இந்தக் கூத்து நடக்க வாய்ப்பில்லை. ஆனால் அவருக்கு அது தமிழிலேயே கேட்டிருந்தால்? அந்த நினைப்பை மேற்கொண்டு ஓட்ட அவளுக்கே தைரியம் வரவில்லை.

பங்சாரில் ஜெயந்திரனின் வீடு. தோட்டத்தில் ஆர்கிட் செடிகள், வாசலில் செருப்புகள் ஒரே வரிசையில். நெற்றித் தையலின் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நல்ல மனிதர். சஃப்வான் ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒரு நாள் தவறாமல் போய்ப் பார்த்தவர். அவர் மனைவி குணபூசணி ராஜினியை உட்காரவைத்து, எந்தக் குடும்பம், அப்பா பெயர் என்ன, அம்மா எந்த ஊர் என்று கேட்டு முடிப்பதற்குள், அவள் அம்மாவின் சித்திக்கும் தன் அண்ணிக்கும் உறவு என்று கண்டுபிடித்துவிட்டார். "அப்ப நீங்கள் எங்கட பிள்ளையல்லோ," என்று சொல்லித் தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். வரும்போது கேப்டன் என்று கூப்பிட வேண்டும் என்று உறுதியாக நினைத்துக்கொண்டு வந்தவள், பலகாரத்தைக் கடித்ததும் அங்கிளுக்கு வந்துவிட்டாள்.

போனில் பதிவைப் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அதான் பையன் ஓகே சொல்லிட்டானே," என்றார்.

"அது... அங்கிள், சத்தம் கொஞ்சம் தெளிவா இல்ல போல."

"மழை லா."

"இல்ல, ஒருவேள... வேற மாதிரியும் எடுத்துக்கலாமோன்னு..."

"எந்த மாதிரி?"

"சும்மா, கேட்டேன் அங்கிள்."

அவர் பலகாரத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "எடு, எடு. நீ நல்லாப் படிச்சவ. உனக்குத் தெரியாததா."

ராஜினி இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். பதிவு முடிந்துவிட்டது, தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பையை மூடிக்கொண்டு எழுந்தால் அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும், சஃப்வான் புடவைக் கடைக்குள் போய் உட்காருவான். பையின் ஜிப்பில் கை வைத்தபோதுதான் உறைத்தது. இப்போது தான் பேசியது என்ன? தெளிவா இல்ல போல. ஒருவேள. சும்மா. இவளும் மழை பெய்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்நூறு அடியில், கொட்டும் மழையில், தன்னை விமானியாக்கிய மனிதரின் பக்கத்தில் இருந்த பையனுக்கு வாய் ஏன் வரவில்லை என்று இத்தனை நாளாக அறிக்கைகளில் தேடிய விடை, இங்கே மெத்தை நாற்காலியில், பலகாரத்தோடு, அவள் வாயிலேயே இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

பலகாரத்தைத் தட்டிலேயே வைத்தாள். தட்டைத் தன்னிடமிருந்து தள்ளிவைத்து, அதன் குறுக்கே கையை வைத்தாள்.

"அங்கிள், அது சரின்னு சொன்ன சத்தம் இல்ல. ம்ஹும்னு, வேணாம்னு சொன்ன சத்தம். நான்தான் முதல்ல தப்பா எழுதிட்டேன். எனக்கு அது டேப்ல கேட்டுச்சு. நீங்க பக்கத்துல இருந்தீங்க. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

அவர் முகம் மாறியது. கேப்டன் முகம் என்று ஒன்று இருக்கும் போல, அது வந்தது. "என்னோட ஸ்டேட்மென்ட் நீ படிச்சேல்ல?"

"படிச்சேன். ஆமோதிச்சதா எழுதிருக்கீங்க."

"பிறகென்ன?"

"எழுதுனது இங்கிலீஷ்ல அங்கிள். கேட்டது எந்த பாஷையில?"

நிலைக்கதவோரம் குணபூசணி வந்து நின்றார். வீட்டில் முப்பது வருஷமாகக் கணவர் மறுப்பதையும் ஒத்துக்கொள்வதையும் கேட்டுப் பழகியவர். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"பிள்ளை கேக்குதெல்லே," என்றார் மெதுவாக. "சொல்லுங்கோவன்."

ஜெயந்திரன் நெற்றித் தழும்பைத் தடவினார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கேப்டன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், வயதான ஒரு மனிதரின் முகம் வந்தது.

"காதுல விழுந்துச்சு, ராஜினி," என்றார். "நான்தான் காதுல போட்டுக்கல."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேணாம்னுதான் சொன்னான். எனக்குத் தெரியும். நெசமா வேணாம்னா இன்னொரு தடவ சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லல. அப்ப சும்மா பயத்துல சொன்னதுதான்னு..." அவர் நிறுத்தினார். "ஆஸ்பத்திரியில தினம் போய் உக்காந்தேன். அவனாச் சொல்லுவான், அங்கிள், நான் வேணாம்னேனேன்னு. சொல்லிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். அவன் அங்கயும் சொல்லல. மன்னிச்சிடுங்க அங்கிள், நான் கவனிக்கலன்னு என்கிட்ட மன்னிப்புக் கேக்குறான். நான் பழம் உரிச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. குணபூசணி வந்து அவர் நாற்காலியின் பின்னால் நின்றார், தோளில் கை வைக்கவில்லை. அவருக்கும் கோபம் இருந்திருக்கும்.

"இத எழுதலாமா அங்கிள்? ரிட்டையர்மென்ட்..."

"எழுது. நானே கையெழுத்துப் போடுறேன். அவன் வேணாம்னான், நான் கேட்டேன், கேட்டுட்டு இறங்குனேன். பையன் மேல ஒண்ணும் இல்ல. பழனியப்பன்கிட்ட நானே பேசுறேன். எனக்கு என்ன மரியாதையோ அது வரட்டும்."

அவள் எழுதினாள். அவர் வாங்கிப் படித்து, ஒரு சொல்லைத் திருத்தினார். "கேட்டிருக்கலாம்" என்று அவள் தயவு பண்ணி எழுதியிருந்ததை அடித்துவிட்டு "கேட்டது" என்று போட்டார். கையெழுத்திட்டார். வேலை முடிந்துவிட்டது. சஃப்வானுக்கு வேலை நிலைக்கும், தோள் ஆறியதும் மறுபடி பறப்பான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே எழுந்து, நன்றி சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

ராஜினியின் கெட்ட பழக்கம் விடவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அங்கிள். இது எழுதறதுக்கு இல்ல, எனக்குத் தெரிஞ்சுக்கணும். அவன் வாயத் திறந்து தெளிவா, கோ அரவுண்ட்னு சொல்லிருந்தா, நீங்க தூக்கிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம், சுவரில் ஒட்டியிருப்பதும் அதுதான். அவர் வாயைத் திறந்தார், மூடினார். சன்னல் வழியே ஆர்கிட் செடிகளைப் பார்த்தார். மழையையும் ஓடுபாதையையும் பக்கத்தில் இருந்த பையனையும் மறுபடி ஒரு முறை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"ம்ஹும்," என்றார்.

பின்பாதி கீழே இறங்கியது. குணபூசணி யாரும் குடிக்காத தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.